படத்தின் பெயர் சொல்லக் கூடாது: கேஸ்கர் காலம் முதல் பண்பலை வரை

1952ஆம் ஆண்டு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு போடும் அறிவிப்பாளர்களுக்கு ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது. பாடியவர் பெயரைச் சொல்லலாம், எந்தப் படத்துப் பாட்டு என்று சொல்லக் கூடாது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும், தனியார் சரக்குக்கு அரசு வானொலி எதற்கு இலவசமாக விளம்பரம் செய்ய வேண்டும் என்பது மேலிடத்து வாதம். அதோடு சினிமாப் பாட்டுக்கான நேரத்தையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். அந்தச் சொற்ப நேரத்தில் ஒலிக்கும் பாட்டுகளும் சல்லடை போட்டுத் தேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்றார்கள். படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் நாட்டின் ஒரே வானொலியிலிருந்து, நாட்டு மக்கள் அதிகம் விரும்பிக் கேட்ட இசை காணாமல் போனது.

ஒரு வானொலி நிலையம் எந்த இசையை, எந்த நேரத்தில், எந்தக் குரலில், யாருக்காகப் போடுகிறது என்பதையெல்லாம் சேர்த்து ‘ஃபார்மட்’ என்பார்கள் வானொலிக்காரர்கள். ரசனை மாறும்போது ஃபார்மட்டும் மாறுகிறது என்று பொதுவாக நம்புகிறோம். இந்தியாவில் நடந்ததைப் பார்த்தால் அந்த நம்பிக்கை முழுக்கச் சரியில்லை என்றே படுகிறது. சினிமாப் பாட்டின் மீது நமக்கு இருந்த ஆசை 1940களிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இடையில் வானொலி நாலைந்து முறை தலைகீழாக மாறியது. ஒவ்வொரு முறையும் ஒலிபரப்பு நேரத்துக்குக் காசு கொடுப்பவர் யார், அவர் என்ன கணக்கில் கொடுக்கிறார் என்பது மாறியது. கேட்பவர் கையில் இருந்தது திருகும் குமிழ் மட்டும்தான். ஆனால் அந்தக் குமிழ் ஒருமுறை அரசாங்கத்தையே பணிய வைத்தது. அந்தக் கதைதான் இது.

அரசு வைத்தியரும் நோயாளியும்

பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். 1962 வரை பதவியில் இருந்தார். பத்து ஆண்டுகள் அந்தத் துறையில் ஒருவர் நீடிப்பது அபூர்வம். அவரைச் சினிமா வெறுப்பாளர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அவர் முறையாகச் சாஸ்திரிய சங்கீதம் பயின்றவர். அவருக்கு ஒரு கவலை இருந்தது, அது உண்மையான கவலை. சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்துவிட்டன. ஜமீன்கள் போய்க்கொண்டிருந்தன. நூற்றாண்டுகளாக வித்வான்களுக்குச் சோறு போட்ட அரண்மனைகள் கதவைச் சாத்திவிட்டன. இனி இந்த இசையை யார் தாங்குவது? புதிய அரசுதான் தாங்க வேண்டும், அரசின் கையில் இருக்கும் பெரிய மேடை வானொலி. இந்தத் தர்க்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அவர் செய்தவற்றில் பல இன்றும் நிற்கின்றன. 1952 ஜூலையில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. டெல்லியில் இருப்பவர் கர்நாடகக் கச்சேரியையும் சென்னையில் இருப்பவர் இந்துஸ்தானிக் கச்சேரியையும் வானொலியில் கேட்க வழி பிறந்தது அப்போதுதான். 1954இல் வானொலி சங்கீத சம்மேளனம். வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழு. கலைஞர்களுக்கு ஆடிஷன் வைத்துத் தரம் பிரிக்கும் முறை. ‘ஏ டாப்’, ‘ஏ’, ‘பி ஹை’, ‘பி’ என்று நம்மூர் சங்கீத வித்வான்கள் இன்னமும் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அந்தத் தராசு அக்காலத்தில் நிலைபெற்றதுதான். நிலைய வித்வான் என்ற பதவி எத்தனை வயலின், மிருதங்க, வீணைக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் ஆனது என்பதைச் சங்கீத உலகத்தைக் கேட்டால் சொல்லும். வானொலியின் இசை நேரத்தில் பாதியளவைச் சாஸ்திரிய சங்கீதத்துக்குக் கொண்டுபோனார் கேஸ்கர்.

பிழை எங்கே என்றால், ஒன்றை வளர்க்க இன்னொன்றைப் பூட்ட வேண்டும் என்று நினைத்ததில். அப்போது ஒரு ஊருக்கு ஒரு நிலையம், ஒரு நிலையத்துக்கு ஒரு அலைவரிசை. சென்னை நிலையம் 1938 ஜூனில் வந்தது, திருச்சி 1939 மே மாதம். சென்னைக்காரர்களும் திருச்சிக்காரர்களும் அந்த ஒரே வரிசையில்தான் செய்தி, வேளாண்மை, நாடகம், கச்சேரி, சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் கேட்டார்கள். நேரம் ஒன்றுதான் என்பதால் ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும். இந்த நெருக்கடியை அலைவரிசையைக் கூட்டித் தீர்த்திருக்கலாம். ஐந்து ஆண்டுகள் கழித்து அதைத்தான் செய்தார்கள். 1952இல் அது தோன்றவில்லை, கத்தரி எடுத்தார்கள்.

வானொலி இப்படி ரசனைக்கு வேலி போட்டது அது முதல் முறையும் அல்ல. 1940 மார்ச்சில் ஆர்மோனியத்துக்கே தடை போட்டது அகில இந்திய வானொலி. சுரங்களை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு ஆகாத வாத்தியம், அந்நிய வாத்தியம் என்றார்கள். அந்தத் தடை தளர முப்பது ஆண்டுகள் பிடித்தன.

கொழும்பிலிருந்து ஒரு குரல்

சினிமாப் பாட்டு மறைந்த அதே வேளையில், பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு பெரிய ஒலிபரப்பி சும்மா கிடக்காமல் வேலை தேடிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் தன் படையினருக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தியது. அதற்காக ஏக்கலவில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, வேலைக்கு வந்தபோது போரே முடிந்திருந்தது. 1949இல் அது இலங்கை அரசிடம் வந்தது. தீவுக்குள் மட்டும் கேட்க அவ்வளவு சக்தி தேவையே இல்லை. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் அதை நடத்த வந்தார். இந்தியாவில் விற்கும் பற்பசைக்கும் சோப்புக்கும் மாத்திரைக்கும் அங்கே விளம்பரம் போடலாம். இந்திய வானொலியோ விளம்பரமே வாங்காது.

அப்போது நடந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது, ஃபார்மட் என்பது எப்படிப் பிறக்கிறது என்று அது காட்டுகிறது. நிகழ்ச்சிகள் கொழும்பில் தயாராகவில்லை, பம்பாயில் தயாராயின. விளம்பர நேரம் விற்கும் நிறுவனம் பம்பாயில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தது. ஹமீத் சயானி அங்கே தயாரிப்பைக் கவனித்தார். பேச்சையும் விளம்பரத்தையும் நாடாவில் பதிந்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து சிற்றலையில் ஏறி, கடலைத் தாண்டி மறுபடி இந்தியாவுக்கே வரும். இந்தியக் குரல், இந்தியப் பாட்டு, இந்தியச் சரக்கு, இந்திய நேயர். நடுவில் ஒரு வளைவு மட்டும் வெளிநாட்டில்.

1952 டிசம்பரில் ஹமீதின் தம்பி அமீன் சயானி பினாகா கீத்மாலாவைத் தொடங்கினார். பற்பசை கம்பெனியின் நிகழ்ச்சி. மேல்நாட்டுப் பாட்டுகளுக்கு நடந்த ஹிட் பரேட் போல இந்திப் பாட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வாரம் 25 ரூபாய் சம்பளம், எழுதுவது, பேசுவது, கடிதம் பிரிப்பது எல்லாம் ஒரே ஆள். மூத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டதால் இளைஞரான அமீனுக்கு வாய்த்தது. முதலில் அரை மணி நேரம், ஏழு பாட்டு. அந்த ஏழு பாட்டையும் காலவரிசைப்படி சரியாக அடுக்கி எழுதுகிறவர்களுக்குப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்று அமீன் சயானியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஓராண்டுக்குள் வாரக் கடிதங்கள் அறுபதாயிரத்தைத் தாண்டின. அத்தனையையும் பிரித்துப் படிக்க ஆளில்லை. பரிசுப் போட்டியைக் கைவிட்டு, கடைகளில் இசைத்தட்டு விற்பனையை விசாரித்து, நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்து, பாட்டுகளுக்கு வரிசை எண் கொடுக்கும் தரப்பட்டியல் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். நாம் ‘டாப் டென்’ என்று தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தோமே, இந்த நாட்டில் அதன் மூல ஊற்று அங்கேதான். கடித மூட்டை தாங்காமல் ஒரு நிகழ்ச்சி உருமாறியது! அமீன் சயானி 2024 பிப்ரவரியில் காலமானபோது வந்த அஞ்சலிகளைப் படித்தவர்களுக்கு அந்தக் குரலின் வீச்சு புரிந்திருக்கும். “பெஹ்னோ அவுர் பாயியோ” என்று வழக்கத்தை மாற்றிப் பெண்களை முதலில் அழைத்தவர் அவர்.

அக்காலத்தில் சொல்லப்பட்ட ஒரு செய்தி உண்டு. வானொலிப் பெட்டி உள்ள பத்து வீட்டைப் போய்ப் பார்த்தால் ஒன்பது வீட்டில் சிலோன் பாடுகிறது, பத்தாவது வீட்டில் பெட்டி பழுது. கணக்கு எந்த அளவு சரியோ, நிலவரம் அதுதான்.

தமிழ்ச் சேவை இரண்டு

இந்தியின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இந்த நாடகத்தின் தெற்கு அரங்கம் இன்னும் நெருக்கமானது. இந்திக்காரருக்குச் சிலோன் தூரத்து நிலையம், ராமநாதபுரத்துக்காரருக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் பக்கத்து வீடு. தென்மாவட்டக் கடற்கரைகளில் சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டது. இந்தி ஒலிபரப்பைப் போல இது பம்பாயில் பதிந்து அனுப்பிய நாடாவும் இல்லை. இலங்கைத் தமிழர்களே, தங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தங்கள் நேயரோடு சேர்த்துத் தமிழ்நாட்டு நேயரையும் மனதில் வைத்துப் பேசினார்கள். எஸ்.பி. மயில்வாகனன் வர்த்தக சேவையின் தமிழ்க் குரலாக முதலில் பெயர் பெற்றார். பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு வரிசையே வந்தது.

இலங்கை வானொலியின் வெற்றியைச் சினிமாப் பாட்டின் வெற்றியாக மட்டும் பார்ப்பது போதாது. பாட்டு சென்னையிலிருந்து போனதுதான், இசைத்தட்டுக் கடையில் யாரும் வாங்கலாம். புதிதாக இருந்தது பாட்டைச் சுற்றிக் கட்டிய வீடு. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. கதை சொல்லிக்கொண்டே போய் அந்தந்த உணர்ச்சிக்கு ஒரு பாட்டை வைக்கும் ‘இசையும் கதையும்’. முடிந்த எழுத்தில் அடுத்தவர் பாட வேண்டிய ‘பாட்டுக்குப் பாட்டு’. பின்னாளில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியே அப்துல் ஹமீதை அழைத்து அந்த நிகழ்ச்சியை நடத்தவைத்தது. நேயர்களின் பெயரையும் ஊரையும் வரிசையாக வாசிக்கும் விருப்ப நிகழ்ச்சிகள். தன் பெயர் வானொலியில் வரும் என்பதற்காக அஞ்சலட்டை வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதோடு அந்த உச்சரிப்பு. லகர ளகர ழகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். வேகமாகப் பேசினாலும் சொல் சிதையாது. “இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ்ச் சேவை இரண்டு” என்று சொல்லும்போதே நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

அகில இந்திய வானொலி பாட்டை மட்டும் எடுத்துவிட்டால் நேயர் கச்சேரிக்குத் திரும்புவார் என்று எண்ணியது. கேட்பவரோ பாட்டைத் தேடிப் போன இடத்தில் தன்னை நேயராக மதித்துப் பேசும் ஒரு குரலையும் கண்டார். பின்னால் பாட்டு சென்னைக்குத் திரும்பி வந்த பிறகும் தமிழ் நேயர் கொழும்பை உடனே விட்டுவிடாததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பஞ்சவர்ண நிகழ்ச்சி

டெல்லி முதலில் பாட்டாலேயே பாட்டை வெல்லப் பார்த்தது. நல்ல கவிதைகளை நல்ல வித்வான்களிடம் கொடுத்து, சினிமா இல்லாத மெல்லிசை உருவாக்க ஒவ்வொரு நிலையத்திலும் தனிப் பிரிவு வைத்தார்கள். தமிழ் நிலையங்களில் வந்த மெல்லிசைப் பாடல்களில் அருமையானவை இருக்கின்றன, இன்று அவற்றில் பெரும்பகுதி கேட்கக் கிடைக்காதது பெரிய இழப்பு. ஆனால் படத்துக்குக் கொட்டும் பணமும் திரையரங்கும் நட்சத்திரமும் அந்தப் பாட்டுகளுக்கு இல்லை. சிலோனோடு மோதிப் பார்த்துத் தோற்றார்கள்.

1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது. கவிஞர் நரேந்திர சர்மா வைத்த பெயர். ‘ஆகாசவாணியின் பஞ்சவர்ண நிகழ்ச்சி’ என்று அறிமுகப்படுத்தினார்கள். தொடக்கப் பாடலை அவரே எழுத, அனில் பிஸ்வாஸ் இசையமைக்க, மன்னா டே பாடினார். தயாரிப்பாளர்களுடன் பேசி அனுமதியை மறுபடி வாங்கியிருந்தார்கள். பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பிகள் வழியாக நாடு முழுக்கச் சென்றது. தென்மொழிப் பாட்டுகளுக்கும் அதில் இடம் இருந்தது. அதே கேஸ்கர்தான் அப்போதும் அமைச்சர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கத்தரி எடுத்தவர் சினிமாப் பாட்டுக்கென்றே ஒரு சேவையைத் திறந்தார்.

தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று இதைச் சுருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வேறு. இந்திய இசை வானொலியில் முதன்முறையாக ஃபார்மட் என்ற பிரிவினை அன்று நடந்தது. உள்ளூர் நிலையம் கச்சேரியையும் பேச்சையும் செய்தியையும் வைத்துக்கொண்டது. பொழுதுபோக்குக்கு வேறு வரிசை. ஒரே பானையில் எல்லாவற்றையும் போட்டு எது எவ்வளவு என்று சண்டை பிடித்த காலம் முடிந்தது. கச்சேரிக்கு இருந்த நேரம் குறையவில்லை, பாட்டுக்கு நேரம் கிடைத்தது.

இருந்தும் சிலோன் அசையவில்லை, ஏனென்றால் காசுக் கணக்கு இன்னும் மாறவில்லை. இந்தியாவில் விளம்பரம் செய்ய விரும்புகிற பற்பசைக் கம்பெனிக்கு விவித பாரதியில் இடமில்லை, கொழும்புதான் கதி. அசோக் சந்தா தலைமையில் 1964இல் அரசு அமைத்த குழு 1966இல் அறிக்கை கொடுத்து, வானொலி விளம்பரம் வாங்கலாம் என்றது. 1967 நவம்பர் 1 அன்று பம்பாய், புனே, நாகபுரி வட்டாரத்தில் விவித பாரதியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்தது. தேன்கிண்ணம் போன்ற பாட்டு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டே சோப்பும் விற்கலாம் என்றானதும் விளம்பரக்காரர்களுக்குக் கடல் தாண்டும் தேவை குறைந்தது. சிலோனின் இந்தி ஒலிபரப்பு மெல்ல மெலிந்தது. கீத்மாலாகூடக் கடைசியில், 1989இல், விவித பாரதிக்கே வந்து 1994 வரை நடந்தது. சினிமாப் பாட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அசையாத சிலோன், விளம்பரம் திரும்பியபோது தளர்ந்தது.

பத்து ஆண்டு ஏலம்

இனி பண்பலைக்கு வருவோம். நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் நடந்தது. நல்ல துல்லியம், ஆனால் கேட்கும் பெட்டி பலரிடம் இல்லை. 1993இல் அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைத் தனியாருக்குத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியது. 1998இல் அதை நிறுத்தியது. இடையில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஏலம்.

முதல் கட்டத்தில் 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை ஏலம் விட்டார்கள். பத்து ஆண்டு உரிமம், ஏலத்தில் ஒப்புக்கொண்ட தொகையை ஆண்டுதோறும் கட்ட வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் அது 15 சதவீதம் ஏறும். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பலர் ஏலம் எடுத்துவிட்டு ஓடிவிட்டார்கள். கடைசியில் இருபத்துச் சொச்சம் நிலையங்களே ஒலித்தன. 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை. 2003இல் சென்னையில் சூரியன், மிர்ச்சி.

இப்படி ஒரு கட்டணம் தலைக்கு மேல் தொங்கும்போது நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்ன செய்வார்? எல்லோருக்கும் பிடித்ததைப் போடுவார். கஜல் நிலையமோ நாட்டுப்புற நிலையமோ வைத்து மூன்றாண்டு பொறுத்துப் பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. 2005இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை நிலைமையைத் தளர்த்தியது. நுழைவுக் கட்டணம் ஒருமுறை, பிறகு மொத்த வருவாயில் 4 சதவீதம். ஹலோ, பிக், ரேடியோ சிட்டி என்று சென்னையில் கடைகள் பெருகின. ஆனால் ஒரு நகரத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே அலைவரிசை என்ற விதி நீடித்தது. செய்தி தயாரிக்கவும் அனுமதி இல்லை. கையில் ஒரே ஒரு சீட்டு இருப்பவர் அதைச் சந்தையின் நடுவில்தான் வைப்பார். ஏறத்தாழ எல்லோரும் நடுவில் வைத்தார்கள். புதுப்படப் பாட்டு, சினிமா அரட்டை, நேயரோடு தொலைபேசிக் கிண்டல்.

பாட்டுக்கு இசை நிறுவனங்கள் கேட்ட கட்டணமும் இதில் பெரிய பங்கு வகித்தது. ஒலித்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டிக்கொண்டிருந்த நிலையங்களுக்கு, 2010 ஆகஸ்டில் பதிப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று நிர்ணயித்த பிறகுதான் மூச்சு வந்தது. அதுவரை சிறு நகர நிலையம் ஒன்று நள்ளிரவில் பாட்டு போடுவதே நஷ்டக் கணக்காக இருந்தது.

ஒரு பண்பலை நிலையத்துக்குள் பாட்டு எப்படித் தேர்வாகிறது என்று பார்த்தால் இந்த ஒருமை இன்னும் விளங்கும். நிகழ்ச்சியைத் தொகுத்துப் பேசும் ஆர்.ஜே. தன் விருப்பத்துக்குப் பாட்டு எடுப்பதாக நேயர் நினைக்கிறார். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு மணி நேரத்தை ஒரு வட்டமாக வரைகிறார்கள். அதற்கு ‘கிளாக்’ என்று பெயர். மணி தொடங்கியதும் நிலையத்தின் ஜிங்கிள், உடனே அப்போதைய பெரிய ஹிட். அடுத்து ஆர்.ஜே. பேச்சு, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. அப்புறம் ஆறு மாதத்துக்கு முன் ஹிட்டான ஒன்று. விளம்பர இடைவேளை. திரும்பி வரும்போது வேகமான பாட்டு, ஏனென்றால் விளம்பரத்தில் ஓடிப்போனவரைப் பிடிக்க வேண்டும். பழைய பாட்டு ஒன்றுக்கு ஒரு கட்டம். பாட்டுகள் எல்லாம் முன்பே வகை பிரித்துக் கணினியில் இருக்கும். புது ஹிட் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, இரண்டு மெதுவான பாட்டு ஒட்டி வரக் கூடாது என்று மென்பொருளுக்கு விதி எழுதியிருக்கும். அது கொடுக்கும் பட்டியலைப் பொறுப்பாளர் பார்த்து ஒன்றிரண்டு மாற்றுவார். எல்லா நிலையமும் ஏறத்தாழ இதே வட்டத்தைச் சுற்றினால், ஒரே பாட்டு ஒரே நேரத்தில் இரண்டு நிலையத்தில் மோதுவது தற்செயல் அல்ல.

இந்தக் கட்டாயத்துக்குள் தமிழ்ப் பண்பலைகள் ஒரு வழி கண்டுபிடித்தன, அது பாராட்டத்தக்கது. நிலையத்தால் பிரிக்க முடியாத ஃபார்மட்டை மணியால் பிரித்தார்கள். காலையில் ஆர்ப்பாட்டம், நடுப்பகலில் வீட்டிலிருப்போருக்கான பேச்சு, மாலையில் போக்குவரத்து நெரிசலோடு புதுப்பாட்டு. இரவு ஒன்பதைத் தாண்டினால் குரல் தணிகிறது, எண்பதுகளின் இளையராஜா வருகிறார். காரோட்டிகளும் காவலாளிகளும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த நேரத்தின் நேயர்கள். அமெரிக்காவில் இதற்கென்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் தனி நிலையங்கள் உண்டு. நமக்கு இரவு மூன்று மணி நேரம்.

அமெரிக்கப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 1996இல் சட்டம் மாறி, பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையம் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. உள்ளூர்த் தன்மை போயிற்று, ஆட்குறைப்பு நடந்தது, இவை உண்மை. ஆனால் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது ஃபார்மட்டுகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. எட்டு நிலையம் வைத்திருப்பவர் தன் நிலையத்தோடு தானே போட்டி போட மாட்டார். ஒன்றை ராக், ஒன்றைக் கிராமியம், ஒன்றைப் பழைய பாட்டு என்று பிரிப்பார். இங்கே 2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு நகர அலைவரிசைகளில் 40 சதவீதம் வரை ஒரே நிறுவனம் வைத்திருக்கலாம் என்று அனுமதித்தது. அதன் பிறகு சில நகரங்களில் இரண்டாம் அலைவரிசை எடுத்த நிறுவனங்கள் அதில் காதல் பாட்டு மட்டும், வேற்றுமொழிப் பாட்டு மட்டும் என்று முயன்றன. உரிமையாளர் எண்ணிக்கை குறைவது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் விதியை எழுதுகிறவர்கள் இந்த விளைவையும் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம், ஒரு நகரம், ஒரு அலைவரிசை, ஏறுமுகக் கட்டணம் என்று எழுதினால் எல்லா நிலையமும் ஒரே பாட்டைப் போடும்.

அளக்கும் முறையிலும் ஒரு கோளாறு. 2007இல் டைரி கொடுத்து வாராவாரம் வானொலி நேயரை அளக்கும் முறை வந்தது. அதில் டெல்லி, மும்பை, பெங்களூரு சேர்ந்தன, பின்னால் கொல்கத்தாவும் சேர்ந்தது, சென்னை சேரவில்லை. அமீன் சயானிக்கு வாரம் அறுபதாயிரம் கடிதம் வந்த நாட்டில், நாலாவது பெருநகரத்து நிலையங்கள் தங்கள் நேயரை நாட்பட்ட பொதுக் கணக்கெடுப்பை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தன. அறியாத நேயருக்காகத் துணிந்து ஒன்று செய்ய எந்த விளம்பரக்காரர் காசு கொடுப்பார்?

கேஸ்கர் விரும்பிய சங்கீதத்துக்கு என்ன ஆயிற்று? அது அழியவில்லை. பெங்களூரில் அகில இந்திய வானொலி சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே அம்ருதவர்ஷிணி என்ற பண்பலையை நடத்தியது. 2016 ஜனவரி 26 அன்று ராகம் என்ற இருபத்துநாலு மணி நேரச் சேவை தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாகவும் கைப்பேசிச் செயலி வழியாகவும் கேட்கலாம். கர்நாடகமும் இந்துஸ்தானியும் இரவு பகலாக ஒலிக்கின்றன. அறுபது எழுபது ஆண்டுப் பதிவுகளின் கருவூலம் பின்னால் இருக்கிறது, அவற்றில் பல அந்த நிலைய வித்வான்கள் வாசித்தவை. யாருடைய பாட்டையும் நிறுத்தாமல் இதைச் செய்ய முடிந்தது. டிசம்பரில் ஊரே கச்சேரி கேட்கும் சென்னையில், கார் வானொலியைத் திருகினாலே வரும்படி அந்தச் சேவைக்கு ஒரு பண்பலை அலைவரிசை கொடுக்க வேண்டும். அதற்கு விளம்பரக்காரரை எதிர்பார்க்க முடியாது, அரசு வானொலிதான் செலவு செய்ய வேண்டும்.